அறுபது கார்டும் ஒரு கணிதப் பெட்டியும்

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் வரைந்துகொண்டிருந்தோம். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் மட்டும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காம்பஸ் எங்கடா?"

"வீட்டுல இருக்கு டீச்சர்."

மூன்று நாள்களும் இதே பதில்தான். நான்காம் நாள் அவனுடைய நண்பன் உண்மையைப் போட்டு உடைத்தான். "பெட்டியையே குடுத்துட்டான் டீச்சர். அதுக்குப் பதிலா சாரிஸார்டு கார்டு வாங்கிக்கிட்டான்."

பள்ளியில் வழங்கிய கணித உபகரணப் பெட்டியை, தங்க நிறத்தில் மின்னும் ஒரு போக்கிமான் கார்டுக்காக இன்னொரு வகுப்பு மாணவனிடம் மாற்றியிருக்கிறான். அவனது பையைத் திறந்தால், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கார்டுகள். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 112. எல்லாம் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வாங்கிய பாக்கெட்டுகள்.

அன்று நான் செய்ததை நம்மில் பலரும் செய்திருப்போம். கார்டுகளை வாங்கி ஆசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் கண்டித்துப் பேசினேன். பெயர் சொல்லவில்லையே தவிர, எல்லாத் தலைகளும் அவன் பக்கம்தான் திரும்பின. அடுத்த இரண்டு நாள்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவனுடைய அம்மா வந்தார். வீட்டு வேலைகளுக்குச் செல்பவர். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தார்.

"பெட்டி போனா போவுது டீச்சர். புள்ள ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அந்தக் கார்டுல என்னதான் இருக்குன்னு நீங்களாவது அவன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. பறித்து வைத்த பொருள் என்னவென்றே தெரியாமல் பறித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதையும், அது நிகழ்தகவுப் பாடமாக மாறிய விதத்தையும் ஆசிரியர் நண்பர்களோடு பகிரவே இக்கட்டுரை.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கல்லூரிக் காலம் முதலே இவ்வகைக் கார்டு விளையாட்டுகளை ஆடுபவன். அவனை அழைத்துக் கேட்டேன். "சித்தி, இதைக் கண்டுபிடிச்சவரே உங்க ஆளுதான், கணக்கு வாத்தியார்" என்று சிரித்தான்.

அது உண்மைதான். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம், அடுக்கலாம் என்று எண்ணும் கணிதப் பிரிவில் ஆய்வு செய்தவர். வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அவர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' 1993இல் வெளிவந்தது. கார்டுகளைச் சேகரிக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம், அவற்றிலிருந்து நமக்கென ஒரு கட்டைத் தேர்ந்து அமைத்து விளையாடலாம். இன்று உலகெங்கும் ஆடப்படும் சேகரிப்புக் கார்டு விளையாட்டுகளுக்கு அதுவே முன்னோடி. ஜப்பானில் 1996இல் போக்கிமான் கார்டு விளையாட்டு வந்தது. 1999இல் அதன் ஆங்கிலப் பதிப்பு வெளியானது.

நம் ஊர்ச் சீட்டுக்கட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் ஒரே 52 சீட்டுகள்தான். இங்கே ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே பாதி ஆட்டம் மேசைக்கு வருவதற்கு முன்பே, கட்டை அமைக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

நம் மாணவர்களுக்குத் தெரியாத பகுதி இதுதான். அந்த மாணவனை அழைத்து, "இதை எப்படி விளையாடுவீங்க?" என்று கேட்டேன். கார்டின் மேல் ஓரத்தில் எச்.பி. என்று ஓர் எண் இருக்கும். ஆளுக்கொரு கார்டை வைப்பார்கள். எவருடைய எண் பெரியதோ அவருக்கு இரண்டு கார்டும். அவ்வளவுதான். இப்படி விளையாடினால் பெரிய எண் உள்ள கார்டுக்காக எதையும் கொடுக்கத் தோன்றும். கணிதப் பெட்டியைக்கூட.

பாக்கெட்டில் ஒளிந்திருக்கும் கணக்கு

முதலில் அந்தப் பெட்டிக்கடைப் பாக்கெட்டுகளைப் பார்ப்போம். எங்கள் ஊரில் விற்பவை நகல் அச்சுகள். தாக்குதலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் பாக்கெட்டின் கவர்ச்சி அசலுக்கும் நகலுக்கும் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரிக்கும் வரை தெரியாது.

என் தந்தை தினமும் லாட்டரிச் சீட்டு வாங்கியவர். நாணயத்தால் சுரண்டிப் பார்க்கும் சீட்டுகளின் துகள் எங்கள் திண்ணையில் எப்போதும் கிடக்கும். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடைசெய்யப்பட்டபோது முதலில் நிம்மதியடைந்தவர் என் அம்மா. பாக்கெட்டைப் பிரிக்கும் குழந்தையின் முகத்தில் அதே சுரண்டும் முகத்தைப் பார்த்ததால்தான் அன்று அவ்வளவு கோபப்பட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கோபத்தை விடக் கணக்குதான் இதற்கு மருந்து. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: "நூறு பாக்கெட்டுகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓர் அரிய கார்டு கிடைக்கும் என்றால், நூறு பாக்கெட் வாங்கினால் அது கிடைத்துவிடுமா?"

ஏறக்குறைய எல்லோரும் "கிடைக்கும்" என்றார்கள். ஒரு பாக்கெட்டில் அது கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 0.99. நூறு பாக்கெட்டிலும் கிடைக்காமல் போக, 0.99ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.37. அதாவது நூறு பாக்கெட் வாங்குபவர்களில் நூற்றுக்கு 37 பேர் ஏமாந்துதான் போவார்கள்.

இதைக் கணிப்பானில் போட்டுக் காட்டியதைவிட, பகடை கொண்டு செய்த சோதனை நன்றாகப் பதிந்தது. ஆறு முகங்களும் ஆறு வகைக் கார்டுகள். ஒவ்வோர் உருட்டலும் ஒரு பாக்கெட். ஆறு எண்களும் ஒரு முறையாவது விழ எத்தனை முறை உருட்ட வேண்டும் என்று குழுக்கள் எண்ணின. ஒரு குழுவுக்கு ஒன்பதில் முடிந்தது. இன்னொரு குழு இருபதைத் தாண்டியும் 4 விழாமல் உருட்டிக்கொண்டே இருந்தது. கணக்கின்படி வரும் சராசரி 6 × (1 + 1/2 + 1/3 + 1/4 + 1/5 + 1/6) = 14.7.

இதே முறையில் பத்து வகைக் கார்டுகளை முழுமையாகச் சேர்க்கச் சராசரியாக 29 பாக்கெட்டுகள் வேண்டும். அதில் கடைசி ஒரு கார்டுக்கு மட்டுமே பத்து பாக்கெட்டுகள் போய்விடும். "அப்ப கடைசிக் கார்டுதான் டீச்சர் நம்ம காச சாப்பிடுது" என்றாள் ஒரு மாணவி. நான் சொல்ல நினைத்த முடிவை அவளே சொல்லிவிட்டாள். அரிய கார்டும் எல்லாக் கார்டும் போல ஒரே அளவில் அச்சிடப்பட்டால் நிலைமை இது. அது குறைவாக அச்சிடப்பட்டால் செலவு இன்னும் ஏறும்.

கட்டு என்பது என்ன?

அடுத்து அசல் விளையாட்டின் விதிகளைக் கற்றேன். போக்கிமான் விளையாட்டில் கட்டுக்குச் சரியாக 60 கார்டுகள். ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. கார்டுகளில் மூன்று வகை உண்டு. போக்கிமான் கார்டுகள் போரிடுபவை. எனர்ஜி கார்டுகள் அவற்றுக்கு வலு தருபவை. டிரெய்னர் கார்டுகள் கூடுதல் கார்டு எடுக்கவும், கட்டுக்குள் தேடவும் உதவுபவை.

கட்டைக் கலைத்து முதலில் ஏழு கார்டுகளைக் கையில் எடுக்க வேண்டும். அதில் அடிப்படைப் போக்கிமான் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். ஆறு கார்டுகள் பரிசுக் கார்டுகளாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது பரிசுக் கார்டை எடுக்கலாம். ஆறையும் எடுத்தவர் வெற்றியாளர்.

இப்போது அந்த மாணவனின் 112 கார்டுகளைப் பார்ப்போம். அவற்றில் எனர்ஜி கார்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே பெரும்பாலான போக்கிமான்களால் தாக்கவே முடியாது. அவனுடைய சாரிஸார்டு இரண்டாம் நிலைப் போக்கிமான். முதலில் சார்மாண்டரை இறக்கி, அடுத்த முறை அதைச் சார்மீலியனாக்கி, அதற்கடுத்த முறைதான் சாரிஸார்டாக்க முடியும். அவனிடம் சார்மாண்டரும் இல்லை, சார்மீலியனும் இல்லை. கணிதப் பெட்டியைக் கொடுத்து வாங்கிய கார்டை அசல் விதிப்படி அவனால் ஒரு முறைகூட மேசையில் வைக்க முடியாது.

இதை அவனிடம் சொன்னபோது, அவன் நம்பாமல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அப்ப சார்மாண்டர் எத்தனை வேணும் டீச்சர்?" என்று கேட்டான்.

சரியான கேள்வி. கட்டமைக்கும் கலை முழுவதும் அந்த 'எத்தனை'யில்தான் இருக்கிறது.

எத்தனை வேண்டும்?

60 கார்டுகளில் ஒன்று மட்டும் இருந்தால், அது முதல் ஏழில் வர வாய்ப்பு 7/60, அதாவது 11.7 விழுக்காடு. இரண்டு இருந்தால் 22, மூன்று இருந்தால் 31.5, நான்கு இருந்தால் 40 விழுக்காடு. 112 கார்டுகளையும் ஒரே கட்டாக வைத்து அதில் ஒன்றைத் தேடினால் 7/112, அதாவது பதினாறு ஆட்டங்களுக்கு ஒருமுறை. கார்டு கூடக் கூட வலிமை கூடும் என்று எண்ணிய மாணவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

பரிசுக் கார்டுகளையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரே ஒரு கார்டை நம்பியிருந்தால், அது கவிழ்த்து வைத்த ஆறில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 6/60. பத்து ஆட்டத்தில் ஓர் ஆட்டம் அந்தக் கார்டு தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும். அதே கார்டு நான்கு இருந்தால், நான்கும் ஒருசேர அந்த ஆறில் சிக்க வாய்ப்பு 32,509இல் ஒன்றுதான்.

அடிப்படைப் போக்கிமான்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். கட்டில் நான்கு மட்டும் இருந்தால் முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு 60 விழுக்காடு. எட்டு இருந்தால் 35. பன்னிரண்டு இருந்தால் 19. பதினாறு இருந்தால் 10. நான்கிலிருந்து எட்டுக்குப் போகும்போது 25 விழுக்காடு குறைகிறது. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போது 9 விழுக்காடுதான் குறைகிறது. சேர்க்கச் சேர்க்கப் பயன் குறைந்துகொண்டே வருவதை மாணவர்கள் வரைபடமாக வரைந்தார்கள்.

கணக்கிடும் முறை எளிது. நான்கு கார்டுகளுக்கு: முதல் ஏழு இடங்களில் எதுவும் வராமல், நான்கும் மீதி 53 இடங்களில் இருக்க வேண்டும். (53 × 52 × 51 × 50) ÷ (60 × 59 × 58 × 57) = 0.60. அதை 1இலிருந்து கழித்தால் 0.40. ஒன்பதாம் வகுப்பு மாணவர் பின்னப் பெருக்கலைக் கொண்டே இதைச் செய்துவிடலாம்.

விலை வேறு, வலு வேறு

அக்கா மகன் ஒரு செய்தி சொன்னான். மேஜிக் விளையாட்டில் 1993இல் வந்த பிளாக் லோட்டஸ் என்ற கார்டு 2021இல் ஐந்து இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிருக்கிறது. ஆனால் பெரும்பாலான போட்டி வடிவங்களில் அதைப் பயன்படுத்தவே அனுமதியில்லை. அனுமதியுள்ள வடிவத்திலும் கட்டுக்கு ஒன்றுதான் வைக்கலாம்.

அதே 1993இல் வந்த இன்னொரு கார்டு லைட்னிங் போல்ட். எளிதில் கிடைக்கும் 'சாதாரண' வகை. எதிராளிக்கு 3 புள்ளிச் சேதம் தரும். ஆட்டக்காரருக்கு 20 உயிர்ப் புள்ளிகள். அப்படியானால் இத்தகைய அடி ஏழு விழுந்தால் 21, ஆட்டம் முடிந்தது. சாதாரண வகைக் கார்டுகளை மட்டுமே கொண்டு ஆடும் 'பாப்பர்' என்ற போட்டி வடிவமே மேஜிக்கில் இருக்கிறது. பாப்பர் என்றால் ஏழை என்று பொருள். ஆட்டக்காரர்களிடையே வளர்ந்த இவ்வடிவத்துக்கு 2019இல் விஸார்ட்ஸ் நிறுவனம் பொதுவான விதியும் தடைப்பட்டியலும் வகுத்தது. காசு குறைவாக உள்ளவர்களின் ஆட்டம் இரண்டாந்தரம் அல்ல என்பதற்கு இது போதுமான சான்று.

போக்கிமானிலும் ஒரே பெயரும் ஒரே விதி வரிகளும் கொண்ட கார்டு, எளிய அச்சிலும் வருகிறது, மின்னும் முழுப்பட அச்சிலும் வருகிறது. விலை பல மடங்கு வேறுபடும்; மேசையில் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. வேட்டி சரிகையால் மின்னினாலும் நீளம் அதே எட்டு முழம்தானே!

குறைந்த செலவில் கட்டு அமைக்கும் வழிகள்

நான் கற்றவற்றை மாணவர்களுக்குச் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

1. பாக்கெட் வாங்காதே, தேவையான கார்டை மட்டும் தனியாக வாங்கு, அல்லது நண்பனிடம் மாற்றிக்கொள். பாக்கெட் வாங்குபவர் வாய்ப்பை வாங்குகிறார். தனிக் கார்டு வாங்குபவர் கார்டை வாங்குகிறார்.

2. தொடக்கத்தில் 60 கார்டுகள் கொண்ட ஆயத்தக் கட்டு ஒன்று போதும். அதில் எனர்ஜியும் டிரெய்னரும் அளவாக இருக்கும். அதே ஆயத்தக் கட்டை இருவர் ஆளுக்கொன்று வாங்கிச் சேர்த்தால், ஒன்றிரண்டாக இருக்கும் முக்கியக் கார்டுகள் மூன்று நான்காகிவிடும். இரு கட்டிலும் சிறந்தவற்றைத் தேர்ந்து ஒரு வலுவான கட்டை அமைக்கலாம்.

3. ஒரு வகை எனர்ஜியை மட்டும் தேர்ந்தெடு. இரண்டு மூன்று வகைகளைக் கலந்தால், நெருப்பு வேண்டிய நேரத்தில் நீர் வந்து நிற்கும்.

4. ஒரு திட்டம், நான்கு பிரதி. நாற்பது விதமான கார்டுகளைவிடப் பதினைந்து விதங்களை மும்மூன்றாக, நான்கு நான்காக வைப்பது மேல்.

5. டிரெய்னர் கார்டுகளை அலட்சியம் செய்யாதே. கையில் உள்ளவற்றைக் கழித்துவிட்டு ஏழு புதிய கார்டு தரும் புரொஃபசர்ஸ் ரிசர்ச், அடிப்படைப் போக்கிமானைத் தேடி இறக்க உதவும் நெஸ்ட் பால் போன்றவை சாதாரண அச்சில் எளிதில் கிடைப்பவை. கட்டை ஓட வைப்பவை இவைதாம். 60இல் ஏறத்தாழப் பாதியை இவற்றுக்கு ஒதுக்கலாம்.

6. பரிசுக் கணக்கைப் பார். ஈ.எக்ஸ். என்ற பெயரொட்டு உள்ள விலையுயர்ந்த போக்கிமான் வீழ்ந்தால் எதிராளி இரண்டு பரிசு எடுப்பார். சாதாரணப் போக்கிமான் வீழ்ந்தால் ஒன்றுதான். மூன்று ஈ.எக்ஸ். விழுந்தாலே அவர் ஆட்டம் முடிந்துவிடும். நம்மிடம் ஆறு விழ வேண்டும். நம் இரண்டு எளிய போக்கிமான்கள் சேர்ந்து அவருடைய ஓர் ஈ.எக்ஸை வீழ்த்தினாலும் கணக்கு சமம்தான்.

7. அதிகாரபூர்வப் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், கார்டின் கீழ் மூலையில் உள்ள சிறிய எழுத்தைப் பார்த்து வாங்கு. அந்த எழுத்தைக் கொண்டுதான் பழைய கார்டுகள் அவ்வப்போது போட்டியிலிருந்து விலக்கப்படுகின்றன. நண்பர்களுக்குள் ஆட இந்தக் கவலையே வேண்டாம். காலம் கடந்த கார்டுகள் மலிவாகவும் கிடைக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஓர் உண்மை மிஞ்சியது. ஆயத்தக் கட்டே எங்கள் மாணவர்களில் பலருடைய வீட்டுக்கு எட்டாத விலை. மலிவு என்ற சொல் எல்லா வீட்டிலும் ஒரே எண்ணைக் குறிப்பதில்லை. அதனால் அடுத்த படிக்குப் போனோம். கார்டை நாமே செய்வது.

கல்யாணப் பத்திரிகைக் கட்டு

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை உறுதியானது. ஒருபுறம் எழுத இடமும் இருக்கும். மாணவர்களைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டே நாளில் ஒரு பை நிறைந்துவிட்டது. ஓர் அட்டைக்கு நான்கு கார்டுகள் என்று ஒரே அளவில் வெட்டினோம்.

போக்கிமானுக்குப் பதிலாக எங்கள் ஊர் உயிரினங்கள்: கீரி, ஓணான், ஆந்தை, பொன்வண்டு, மயில், உடும்பு. எனர்ஜிக்குப் பதில் 'இரை'. டிரெய்னருக்குப் பதில் 'உதவி'. ஒரு பாடவேளைக்குள் முடிய வேண்டும் என்பதால் கட்டுக்கு 20 கார்டுகள், கையில் 5. இரை நீங்கலாக எந்தக் கார்டும் இரண்டுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு எடுக்கலாம், ஓர் இரையை வைக்கலாம், ஒருமுறை தாக்கலாம். எதிரணியின் மூன்று உயிரிகளை வீழ்த்தியவர் வெற்றி.

முதல் நாள் படுதோல்வி. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரே வந்துவிட்டார். மேசைகளில் பரப்பிய கார்டுகளைப் பார்த்து, "வகுப்பில சீட்டாட்டமா?" என்றார். கரும்பலகையில் இருந்த பின்னங்களைக் காட்டி விளக்கினேன். சற்று நேரம் நின்று பார்த்தவர், "காசு, பந்தயம் எதுவும் உள்ள வரக்கூடாது" என்று மட்டும் சொல்லிச் சென்றார். அது எங்கள் முதல் விதியாயிற்று.

அடுத்த வகுப்பில் 'விலை'யைக் கொண்டுவந்தேன். சாதாரணக் கார்டு 1 புள்ளி, நடுத்தரம் 2 புள்ளி, அரியது 5 புள்ளி. ஒவ்வொரு குழுவும் 20 கார்டுகளைச் சரியாக 30 புள்ளிகளுக்கு வாங்க வேண்டும். எத்தனை வழிகள் உண்டு?

x + y + z = 20
x + 2y + 5z = 30

கழித்தால் y + 4z = 10. ஆகவே மூன்றே வழிகள்: அரியது இல்லாமல் 10 சாதாரணம், 10 நடுத்தரம், ஓர் அரியதுடன் 13 சாதாரணம், 6 நடுத்தரம், இரண்டு அரியதுடன் 16 சாதாரணம், 2 நடுத்தரம். பத்தாம் வகுப்பில் வரப்போகும் மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளை, தேவையின் காரணமாக ஒன்பதாம் வகுப்பே தொட்டுவிட்டது.

நம் மாணவன் இருந்த குழு இரண்டு அரிய கார்டுகளைத் தேர்ந்தது. இரண்டும் உடும்பு. அடி பலமானது, ஆனால் மூன்று இரை வைத்தால்தான் தாக்கும். இரை சேர்வதற்குள் எதிரணியின் கீரிகள் வேலையை முடித்துவிட்டன. அவர்கள் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றார்கள். இன்னொரு குழு கட்டில் ஐந்து உயிரிகளை மட்டுமே வைத்திருந்ததால் கையில் உயிரியே வராமல் திரும்பத் திரும்பக் கலைத்துக்கொண்டிருந்தது. கணக்கிட்டார்கள்: 20இல் 5 இருந்தால், கையில் ஒன்றும் வராத வாய்ப்பு 19 விழுக்காடு, 8 இருந்தால் 5 விழுக்காடு. உடனே மூன்று உயிரிகளைச் சேர்த்தார்கள்.

இரண்டாம் வாரம் நம் மாணவன் தன் குழுவிடம் வாதாடி ஓர் உடும்பை எடுத்துவிட வைத்தான். ஆறு ஆட்டங்களில் நான்கில் வென்றார்கள். இரண்டில் தோற்றதற்கும் காரணம் எழுதினான். ஒன்றில் கட்டு சரியில்லை. இன்னொன்றில் கட்டு சரி, அதிர்ஷ்டம் சரியில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டதே நிகழ்தகவுப் பாடத்தின் பயன் என்று நினைக்கிறேன்.

முயல விரும்பும் ஆசிரியர்களுக்கு

கார்டு செய்ய ஒரு பாடவேளை, விதி பழக ஒன்று, கட்டமைக்க ஒன்று, ஆட ஒன்று என நான்கு பாடவேளைகள் போதும். ஆடும் முன்பு ஒவ்வொரு குழுவும் தன் கட்டின் நிகழ்தகவு ஒன்றையாவது கணக்கிட்டு எழுதட்டும். ஆடிய பின் உண்மையில் நடந்ததோடு ஒப்பிடட்டும். பட்டறி நிகழ்தகவும் தொன்மை நிகழ்தகவும் அங்கே அருகருகே வந்து நிற்கும். கார்டுகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பந்தயமும் பொருள் பரிமாற்றமும் கூடாது. அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்தால் எந்த உயிரி எதை உண்ணும் என்ற உணவுச் சங்கிலியையும் இரைக் கார்டில் கொண்டுவரலாம்.

பெட்டிக்கடைப் பாக்கெட் வாங்குவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் இன்னும் வாங்குகிறார்கள். ஆனால் பிரிக்கும் முன்பு, "எதுக்குடா, எவ்வளவு சான்ஸ்?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்கிறது.

அந்த மாணவனின் 112 கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டத்தில் அப்படிப் பேசியதற்காக அவனிடம் வருத்தமும் தெரிவித்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல டீச்சர்" என்றான். சாரிஸார்டு பழைய உரிமையாளரிடம் போனது. கணிதப் பெட்டி திரும்பி வந்தது. கோணமானி மட்டும் அதில் இல்லை. என்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவனுடைய அம்மா வந்திருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே அவன் பத்திரிகைக் கார்டுகளை எடுத்து வந்து தரையில் பரப்பினான். எது இரை, எது உதவி, கீரி ஏன் நான்கு இல்லாமல் இரண்டு, உடும்பு ஏன் ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனான். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒரு கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் யாரோ இருவரின் திருமண நாளும் முகூர்த்த நேரமும் இருந்தன.

"இதுக்கு எவ்வளவுடா செலவு?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய பத்திரிக."

அவர் கார்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "சரி, எனக்கும் ஒரு ஆட்டம் சொல்லிக்குடு" என்று சம்மணமிட்டு உட்கார்ந்தார்.